நாளைக்கு ஊருக்குப் போகிற மாதையன்

எங்கள் இல்லத்தில் மாதையன் வேலை பார்த்த காலம் முழுவதும் அவனுடைய துணி மூட்டை வார்டுச் சுவரில் ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு வேட்டி, ஒரு சட்டை, இல்லம் கொடுத்து அவன் ஒருநாளும் போடாத ஒரு ஜோடி செருப்பு. "நாளைக்கு ஊருக்குப் போய்டறேன் சிஸ்டர், வேற ஆளு பாத்துக்கோங்க" என்று அடிக்கடி என்னிடம் சொல்லுவான். காரணம் எதுவாகவும் இருக்கலாம். குழம்பில் உப்பு இருக்காது, மழை பெய்திருக்கும், இல்லை நான் திட்டியிருப்பேன். ஆரம்பத்தில் நான் பயந்துபோய்ச் சமாதானம் செய்தேன். பிறகு, "சரி போ. போறதுக்கு முன்னாடி கால் ஊற வெக்கிற பேசினையெல்லாம் கழுவி வெச்சிட்டுப் போ" என்று சொல்லப் பழகிவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே கழுவுவான். கழுவி முடிப்பதற்குள் கோபம் போய்விடும். மூட்டை ஆணியிலேயே இருக்கும்.

நான் வசந்தி. ஆரணிப் பக்கத்துக்காரி. நர்ஸ் வேலைக்கு என்று ஜவ்வாது மலை அடிவாரத்துக்கு வந்து, பாதி வாழ்க்கையை அங்கேயே கழித்தவள். எனக்கு வாய் நீளம் என்று அங்கே எல்லோரும் சொல்லுவார்கள். அந்த இடத்தில் வாய் நீளமாக இல்லாவிட்டால் ஒரு வேலையும் நடக்காது என்பதை மட்டும் அவர்கள் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் இல்லம், புதூர்நாட்டுக்கு ஏறுகிற பாதை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. தொழுநோய் வந்து, மாத்திரை சாப்பிட்டு, வியாதி போன பிறகும் வீட்டுக்குத் திரும்ப முடியாதவர்கள் அங்கே தங்கியிருந்தார்கள். வியாதி போய்விடும். ஆனால் மரத்துப்போன கையும் காலும் மரத்தது மரத்ததுதான். முள் குத்தினால் தெரியாது, நெருப்புச் சுட்டால் தெரியாது. நமக்கெல்லாம் ஒரு கல் உறுத்தினால் காலை எடுத்துவிடுகிறோம். அவர்கள் அந்தக் கல்லின் மேலேயே நாள் பூராவும் நடப்பார்கள். சாயங்காலம் பார்த்தால் உள்ளங்காலில் புண் இருக்கும். அந்தப் புண் எலும்பு வரைக்கும் போனால் காலை எடுக்க வேண்டியதுதான். ஆகவே எங்கள் வேலையில் பெரும்பகுதி, தினமும் காலைப் பார்ப்பது.

மாதையன் அங்கே வேலைக்கு என்று வரவில்லை. எழுபதாம் வருஷம் மழைக்காலத்தில், மலைமேல் ஒரு கிராமத்திலிருந்து சடையன் என்பவரை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூங்கில் கழியில் போர்வையைத் தொட்டிலாகக் கட்டி, அதில் அவரைப் படுக்க வைத்து மழையிலேயே இறங்கியிருந்தார்கள். வாசலில் இறக்கிவிட்டு, கொடுத்த தண்ணீரைக்கூட வாங்கிக் குடிக்காமல் மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள். தூக்கி வந்தவர்களில் ஒருவன் மட்டும் போகவில்லை. போக முடியவில்லை என்பதுதான் சரி. அவனுடைய துண்டின் ஒரு முனையைச் சடையன் தன் மடங்கிப்போன விரல்களுக்குள் சுற்றிப் பிடித்திருந்தார்.

"துண்டை விட்டுட்டுப் போயேன்" என்றேன்.

"நல்ல துண்டுங்க சிஸ்டர்" என்றான். "அண்ணன் தூங்கினதும் உருவிக்கினு நாளைக்குப் போய்டறேன்."

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, பங்காளி முறையில் அண்ணன். அந்த அண்ணன் அன்றைக்குத் தூங்கவில்லை. மறுநாள் காய்ச்சல் வந்தது. அதற்கு அடுத்த நாள், பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவருக்கு எழுந்து போக ஒரு கை தேவைப்பட்டது. இவன் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறான் என்று நான்தான் கூப்பிட்டேன். அப்படியே ஆகிப்போயிற்று. பெரிய டாக்டர் அவனுக்கு ஒரு காக்கிச் சட்டையும் சம்பளமும் போட்டுக்கொடுத்தபோதுகூட, "நாளைக்குப் போறவனுக்கு எதுக்குங்க" என்று சொல்லிக்கொண்டேதான் சட்டையை மாட்டினான். அளவு சரியாக இருக்கிறதா என்று என்னிடம் திரும்பித் திரும்பிக் காட்டவும் செய்தான்.

அவன் ஒரு மகான் என்று இதைப் படிக்கிற யாராவது நினைத்தால் அது என் எழுத்தின் கோளாறு. மாதையன் கை பட்டால் தெர்மாமீட்டர் உடையும். எழுத்து தெரியாது. மாத்திரை டப்பாக்களைக் கொடுத்தால் ஒன்றின் மூடியை இன்னொன்றுக்கு மாற்றிப் போட்டுவிட்டு நிற்பான். மத்தியானத்தில் அவன் விடுகிற குறட்டைக்கு நோயாளிகள் எழுந்து வெளியே போவார்கள். அடுக்களையில் வெல்லம் காணாமல் போனால் சமையல்காரம்மா நேராக என்னிடம்தான் வருவாள், ஏனென்றால் அவனைக் கேட்டால் சடையன் தலையில் அடித்துச் சத்தியம் செய்வான். சடையனும் வாயில் வெல்லத்தை வைத்துக்கொண்டே அந்தச் சத்தியத்துக்குத் தலையைக் கொடுப்பார்.

ஆனால் காலையில் புங்க மரத்தடியில் அவனைப் பார்க்க வேண்டும். வரிசையாக எல்லோரும் உட்கார்ந்து பேசினில் காலை ஊற வைத்திருப்பார்கள். ஊறிய பிறகு தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து, எண்ணெய் தடவ வேண்டும். இதை அவனுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். நான் கற்றுக்கொடுக்காதது ஒன்று, அவன் அந்தக் கால்களோடு பேசுவது. ஒவ்வொரு காலையும் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, கட்டை விரலால் உள்ளங்காலை அழுத்தி அழுத்திப் பார்த்து, "இன்னாபா, நேத்து எங்க சுத்துன? கிணத்தாண்ட போனியா? பொய் சொல்லாத" என்று காலைத்தான் விசாரிப்பான். காலுக்குச் சொந்தக்காரர் மேலே இருந்து பதில் சொல்லுவார். வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள்கூடத் தொடாத கால்கள் அவை. அவன் மடியில் கிடக்கிறபோது அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

காப்பி வந்தால் முதலில் அவன்தான் டம்ளரைத் தொடுவான். கை பொறுத்தால்தான் அடுத்தவர் கைக்குப் போகும். பொறுக்காவிட்டால் "இரு, இரு" என்று ஆற்றிக்கொண்டே நிற்பான். பீடிதான் எனக்கும் அவனுக்கும் தீராத சண்டை. விரல் சுட்டுக்கொண்டால் தெரியாது என்பதால் வார்டில் பீடியை நான் அறவே நிறுத்தியிருந்தேன். ஒருநாள் அடுக்களைக்குப் பின்னால் புகை வந்தது. போய்ப் பார்த்தால், எங்கள் செருப்புப் பட்டறையில் வேலை செய்த பாண்டுரங்கன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரும் இல்லத்தில் இருப்பவர்தான், விரல் நுனிகள் போனவர். அவர் வாயருகே பீடியைப் பிடித்துக்கொண்டு மாதையன் குந்தியிருந்தான்.

"நான்தானங்க புடிச்சிக்கினு கீறேன். அவரு இழுக்கறாரு, அவ்ளோதான். சுட்டா என் கைதான சுடும்" என்றான்.

அன்றைக்கு, "நெஞ்சு கெட்டுப் போகும்" என்று ஏதோ கத்திவிட்டு வந்துவிட்டேன்.

புளி உலுக்குகிற காலத்தில் மட்டும் அவன் உண்மையாகவே ஊருக்குப் போவான். மூட்டையை எடுத்துக்கொண்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, இனிமேல் வர மாட்டேன் என்று போவான். ஊரில் அவனுக்குப் பெண் கொடுக்க யாரும் முன்வரவில்லை. பெருவியாதிக்காரர்களைத் தொட்டுக் கழுவுகிறவன் என்று சிலர் அவன் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதும் இல்லை. தம்பி வீட்டுச் சாமைக் கொல்லையில் ஒரு கொட்டகையில்தான் படுத்துக்கொள்ளுவான். இதையெல்லாம் அவன் குறையாகச் சொல்லியதில்லை, நாங்களாகத் தெரிந்துகொண்டோம். புளி முடிந்ததும் தலையில் ஒரு பலாப்பழத்தோடு வந்து நிற்பான். "பழம் கெட்டுப்போய்டும்னு குடுக்க வந்தேன் சிஸ்டர். நாளைக்குப் போய்டறேன்" என்பான். மூட்டை மறுபடி ஆணிக்குப் போகும்.

இனி சடையன் விஷயத்துக்கு வருகிறேன்.

சடையனுக்கு ஒரு மகள், பெயரே சின்னக்குழந்தை; அவர் வந்தபோது அவள் நடை பழகிக்கொண்டிருந்த பிள்ளை. அதற்குப் பிறகு அவர் மகளைப் பார்க்கவில்லை. இடது காலில் விரல்கள் போய்விட்டன. வலது உள்ளங்காலில் ஒரு புண், மாவுக்கட்டுப் போட்டால் ஆறும், நடந்தால் திறக்கும். இப்படியே வருஷக்கணக்கில் படுத்தி எடுத்து, ஒரு வழியாக மூடியது. மூடிய அன்றைக்கு மாதையன் அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு எல்லா வார்டு ஆட்களையும் கூப்பிட்டுக் காட்டினான். பெரிய டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "எலும்பு ஏற்கெனவே கெட்டிருக்கிறது. இன்னொரு தடவை திறந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும்" என்றார். பாண்டுரங்கன் கறுப்பு ரப்பரில், மெத்தென்று, வார் வைத்து, சடையனுக்கென்று ஒரு ஜோடி செருப்புச் செய்து கொடுத்தார். அது இல்லாமல் சடையன் கட்டிலைவிட்டு இறங்க அனுமதி இல்லை.

சடையனின் மனைவி மாதம்மாள் வருஷத்துக்கு ஒருமுறை, திருப்பத்தூருக்குப் புளி கொண்டுவரும்போது எங்கள் வாசலுக்கு வருவாள். கேட்டுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, உள்ளே இருக்கிற புருஷனோடு ஊர்ச் சேதி பேசிவிட்டுப் போவாள். கிட்டே வர மாட்டாள். எண்பத்தாறிலோ எண்பத்தேழிலோ, பங்குனியில் அவள் ஒரு சேதியோடு வந்தாள்.

"பொண்ணுக்கு எடம் அமைஞ்சிருக்குது. வைகாசியில அனுப்பறோம்" என்றாள். "வூட்ட வுட்டுப் போறப்ப அப்பன் கால்ல பொண்ணு தண்ணி ஊத்திட்டுப் போவணும். நீ இல்லன்னா பெரியப்பன் கால்ல ஊத்திக்கலாம்னு சொன்னா, அப்பன் உசுரோட இருக்கறப்ப வேற கால்ல ஊத்த மாட்டேன்னு புடிவாதமா கீது."

மாதையன்தான் கேட்டான். "மாப்பிள்ள வூட்ல இன்னா சொல்றாங்க அண்ணி?"

"வியாதி போயிருந்தா அவரு கால்ல நடந்து வரட்டும், எங்களுக்கு ஒண்ணும் இல்லன்றாங்க. தூக்கிக்கினு வர்ற நெலமைன்னா வேணாமாம். டோலியில போனவரு டோலியில வந்தா ஊரு பொண்ணைத்தான் பேசும்."

டாக்டர் முதலில் முடியாது என்றார். நான் போய்ச் சண்டை போட்டேன். வருஷக்கணக்கில் அந்தக் காலைக் காப்பாற்றியது கட்டிலில் தொங்கவிடுவதற்கா என்று கேட்டேன். கடைசியில் அவர், நான் கூடப் போக வேண்டும், காலைவிட்டுச் செருப்பு இறங்கவே கூடாது என்று சொல்லி அனுமதித்தார். இறங்கினால் அந்தக் காலுக்கு அவர் பொறுப்பில்லை. மாதையன் இதை மனப்பாடமே செய்துவிட்டான். போகிற வழியெல்லாம், "அண்ணா, இன்னா சொன்னாரு டாக்டரு? செருப்பு இறங்கக் கூடாது. இன்னா சொன்னாரு?" என்று கேட்டு உயிரை எடுத்தான். ஜீப் ஓட்டிய வடிவேலு, அவனை இறக்கிவிட்டுவிடுவேன் என்று மிரட்டும்வரை ஓயவில்லை.

ஜீப் போகிற இடம் வரைக்கும் போய், அதற்குமேல் நடந்தோம். சடையன் புதுச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் தடவி, மெல்ல மெல்ல வந்தார். உட்காருவார், எழுந்து நடப்பார். மாதையன் உட்காருகிற ஒவ்வொரு இடத்திலும் செருப்பின் வாரைச் சரிபார்த்தான். இந்த வேகத்தில் போனாலும் உச்சிப் பொழுதுக்குள் போய்விடலாம் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஊர் எல்லையில் ஒரு புளிய மரம். அதன் அடியில் மஞ்சள் பூசி நட்டிருந்த இரண்டு கற்கள். அதுதான் அவர்களுடைய எல்லைச்சாமி. மரத்தடியில் மாப்பிள்ளை வீட்டு ஆட்களின் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. அந்தக் கல்லைத் தாண்டி யாரும் செருப்போடு ஊருக்குள் போவதில்லை.

எனக்கு அது தெரியாது, நான் ஆரணிக்காரி. ஆனால் மாதையன் அந்த ஊரிலேயே பிறந்தவன். அவனைப் பார்த்தேன். நெற்றியில் அடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிறந்ததிலிருந்து வெறுங்காலில் நடப்பவன் அவன். செருப்பைக் கழற்றுகிற வேலை அவனுக்கு என்றைக்குமே வந்ததில்லை. எல்லைக்கல்லையும் சடையன் செருப்பையும் சேர்த்து நினைக்க அவனுக்குத் தோன்றவே இல்லை. அத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்த சடையனுக்கும் தோன்றவில்லை. அவருக்கு ஊர் என்றால் வெறுங்கால்தான்.

யாரும் எதுவும் சொல்லுவதற்கு முன்பே சடையன் உட்கார்ந்து வாரைக் கழற்ற ஆரம்பித்தார்.

"கையை எடுங்க" என்று நான் கத்தினேன்.

மரத்தடியில் காத்திருந்த ஊர்க்கவுண்டர், அந்த ஊருக்குத் தலைவர், வயதானவர், பதமாகப் பேசுகிறவர். அவர் என்னிடம், "அம்மா, நாங்க ஒண்ணும் சொல்லலீங்க. வியாதிக்குப் போட்ட செருப்புன்னா போட்டுக்கினே வரட்டும். சாமி ஒண்ணும் கோவிச்சிக்காது" என்றார்.

சடையன் தலையை ஆட்டினார். "நீங்க சொல்வீங்க கவுண்டரே. நாளைக்கு எம் பொண்ணுக்கு ஒரு கஷ்டம் வந்தா, நான் செருப்போட வந்ததாலதான்னு நான் நெனப்பேன். எனக்கு அது வேணாம்."

"துணியாவது சுத்தி விடறேன், இல்லன்னா கால் போயிடும்" என்றேன்.

"போவட்டும் சிஸ்டர்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அங்கேயே விட்டுவிட்டு ஜீப்புக்குத் திரும்பியிருப்பேன். எத்தனை மாவுக்கட்டு, எத்தனை காலைப்பொழுது, எல்லாவற்றையும் இந்த மனுஷன் ஒரு வார்த்தையில் போகட்டும் என்கிறாரே என்று அழுகையும் வந்தது. மாதையன் முதுகைக் காட்டிக் குனிந்தான். "ஏறிக்கோ அண்ணா."

"தூக்கிக்கினு வந்தா வேணாம்னு சொல்லிட்டாங்கடா" என்றார் சடையன். அதுவும் உண்மை. கொஞ்ச தூரத்தில் பாறைச் சரிவின் மேலே அவருடைய வீடும் பந்தலும் தெரிந்தன. மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாதையன் நிமிர்ந்தான். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினான். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் போய் மண்ணில் மண்டி போட்டு உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் விரித்து, தன் முழு பாரத்தையும் கொடுத்து மண்ணை அழுத்தினான். ஒரு கல்லை எடுத்து வீசினான். ஒரு நெருஞ்சி முள்ளைப் பிடுங்கினான். மறுபடி அதே இடத்தில் அழுத்தினான்.

"என் கைக்கு வலிக்கல. இங்க கால வையி" என்றான். "என் கை பட்ட எடத்துல மட்டும் வையி. வேற எங்கனா வெச்சே, நாளைக்கே நான் ஊருக்குப் போய்டுவேன்."

"ஊர்லதானடா கீற" என்றார் சடையன்.

"வையின்றேன்."

சடையன் செருப்பைக் கழற்றி மரத்தடியில் வைத்துவிட்டு, கல்லைக் கும்பிட்டு, புழுதியில் பதிந்திருந்த அந்தக் கைத்தடத்தின் மேல் வலது காலை வைத்தார். மாதையன் அடுத்த அடிக்கு நகர்ந்தான்.

முதலில் சில பேர் சிரித்தார்கள். ஒரு ஆள் தவழ்கிறான், ஒருவர் அவன் பின்னால் கொக்கு மாதிரி அடியெடுத்து வைக்கிறார், வெள்ளை உடுப்பில் ஒரு நர்ஸ் பஞ்சுப் பையோடு பின்னால் திட்டிக்கொண்டே போகிறாள் என்றால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். மாதையன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அழுத்துவான், எடுப்பான், மறுபடி அழுத்துவான், "வையி" என்பான். சடையனின் கண் அந்தக் கைகளைவிட்டு எங்கும் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கும் திட்டுவதற்கு வார்த்தை தீர்ந்துபோயிற்று.

பாறைச் சரிவுக்கு வந்ததும் மாதையன் கையை வைத்தான், வெடுக்கென்று எடுத்தான். வைகாசி வெயிலில் பாறை காய்ந்து கிடந்தது. முள்ளைப் பிடுங்கலாம், பாறையை என்ன செய்வது? அவன் மறுபடி வைத்துப் பார்த்தான். "கொதிக்குது அண்ணா. வெக்காத" என்றான். ஒரு காலைத் தூக்கியபடி சடையன் நின்றார். பிடித்துக்கொள்ள அவருக்கு ஒன்றும் இல்லை. நான் போய்த் தோளைக் கொடுத்தேன். மேலே பந்தலில் ஒருவரும் அசையவில்லை.

அப்போது மேலேயிருந்து மாதம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். மாதையன் கைக்கு முன்னால் பாறையில் தண்ணீரை ஊற்றினாள். அவன் அழுத்திப் பார்த்தான். "இன்னும் ஊத்துங்க அண்ணி." ஊற்றினாள். அழுத்தினான். "இப்ப வையி." குடம் தீர்ந்ததும் ஓடிப்போய் இன்னொன்று கொண்டுவந்தாள். இத்தனை வருஷமாகக் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து பேசிவிட்டுப் போனவள், அவர் கால் மேல் தெறிக்கிற அளவுக்குக் கிட்டே நின்று ஊற்றினாள். கூடவே, "சட்டைய நனைச்சிக்காத" என்று அவரை அதட்டினாள்.

அப்படித்தான் சடையன் தன் வீட்டு வாசலுக்கு, தன் காலால் நடந்து போய்ச் சேர்ந்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் முன்னால் வந்து, "வாங்க" என்றார்.

மணையில் உட்கார வைத்தார்கள். சின்னக்குழந்தை சொம்போடு வந்தாள். அப்பன் முகத்தை அவள் அன்றைக்குத்தான் அறிவு தெரிந்து பார்க்கிறாள். பிறகு அவள் கண் கீழே போயிற்று, விரல் இல்லாத இடது காலுக்கு. எட்ட நின்றபடியே தண்ணீரை ஊற்றினாள். குனியவில்லை. யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. சடையனும் அதற்குமேல் எதிர்பார்க்கவில்லை. ஈரக் காலோடு கைகளைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாதையனுக்கோ ஈரக் கால் என்றால் ஒரே அர்த்தம்தான். கல்யாணம் என்பதையெல்லாம் மறந்துவிட்டான். அவர் எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்து, வலது காலைத் தூக்கி மடியில் வைத்து, துண்டால் ஒற்றி, கட்டை விரலால் உள்ளங்காலை அழுத்த ஆரம்பித்தான். "இன்னாபா, எங்கனா கீறிக்கினியா? பொய் சொல்லாத" என்று காலோடு பேச்சு வேறு. நான் அவன் தோளைத் தட்டினேன். அவன் கவனிக்கவில்லை.

சின்னக்குழந்தை சொம்பைக் கீழே வைத்தாள். கல்யாணப் புடவை மண்ணில் படுகிறதே என்றுகூடப் பார்க்காமல் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சித்தப்பா, எப்டி பாக்கறது? காமி" என்றாள்.

அவன் அப்போதுதான் நிமிர்ந்தான். அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு, புங்க மரத்தடியில் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லுகிற அதே குரலில், "வெரலால இப்டி அழுத்தணும். மெத்துன்னு இருந்தா கெட்டது. சூடா இருந்தா கெட்டது. செவப்பு இருக்குதான்னு பாக்கணும்" என்றான். அவள் அப்பனின் இடது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மஞ்சள் பூசிய கட்டை விரலால் மெல்ல அழுத்தி, ஓரம் ஓரமாகப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லப்பா" என்றாள்.

சடையன் அழுதார். மாவுக்கட்டுப் போட்டபோதும், விரல்கள் போனபோதும் அழாத மனுஷன், மகள் மடியில் கால் கிடக்கத் தேம்பித் தேம்பி அழுதார். மாதம்மாள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். நானும் அழுதேன். அழுதால் என்ன?

சாயங்காலம் வெயில் தணிந்து பாறை ஆறிய பிறகு, அதைத் தாண்டி, புழுதியில் அதே கைத்தடங்களின் மேல் இறங்கி வந்தோம். அவை ஒன்றும் அழியாமல் இருந்தன. ஊர் ஜனங்கள் அன்றைக்குப் பூராவும் அந்த ஒற்றையடியில் மட்டும் மிதிக்காமல் ஓரமாகவே நடந்திருக்கிறார்கள். எல்லைக்கல்லைத் தாண்டியதும் சடையனை உட்கார வைத்து, செருப்பை மாட்டுவதற்கு முன் இரண்டு காலையும் நானே பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

ஜீப்பில் ஏறும்போதுதான் கம்பியைப் பிடித்த மாதையன் 'ஸ்' என்று கையை எடுத்தான். வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்க முள். ஓரங்களில் தோல் உரிந்து, பாறை சுட்ட இடத்தில் கொப்புளம். இந்தக் கையை வைத்துக்கொண்டுதான் அத்தனை நேரம் சடையன் காலை விசாரித்திருக்கிறான். எனக்கு வாய் திறந்துகொண்டது. மடையன், மூளை இல்லாதவன், சொல்லியிருந்தால் துணியாவது சுற்றிவிட்டிருப்பேனே என்று ஆரம்பித்து, ஊசியைத் தீக்குச்சியில் காட்டி ஒவ்வொரு முள்ளாக எடுத்தேன்.

"துணி சுத்தினா எனக்கு எப்டிங்க தெரியும்" என்றான். பிறகு, "மெதுவா சிஸ்டர். நாளைக்கே நான் ஊருக்குப் போய்டறேன்" என்றான்.

"இப்ப எங்கேர்ந்துடா வர்ற?" என்றான் வடிவேலு, முன் சீட்டிலிருந்து. மாதையன் யோசித்துப் பார்த்துவிட்டு, கையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நீட்டினான்.

சடையன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வலிக்குதாடா?" என்று கேட்டார்.

"வலிக்குது அண்ணா."

"ரொம்பவா?"

"ரொம்ப."

"குடுத்து வெச்சவன்" என்றார் சடையன். கிண்டலாக இல்லை, உண்மையாகவே சொன்னார்.

பிறகு தன் விரல் மடங்கிய இரண்டு கைகளாலும் மாதையனின் கையை என்னிடமிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். தொட்டால் அவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் குனிந்து, கண்ணைக் கிட்டே கொண்டுபோய், வெளிச்சம் இருக்கும்போதே ஓரம் ஓரமாகப் பார்த்தார்.

"இந்தா, இங்க ஒண்ணு கீது சிஸ்டர்" என்றார்.